சுதந்திரமா, ஒழுக்கமா? வேலூர்ச் சிறையில் எழுதப்பட்ட ஒரு கவலை

1921 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்தில் கைதான ராஜாஜியை வேலூர் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் அங்கே இருந்தார். அப்போது அவர் எழுதிய நாட்குறிப்பில் 1922 ஜனவரி 24ஆம் தேதிப் பக்கம் இன்றைக்கும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சுயராஜ்யம் வந்ததும் நல்லாட்சி வந்துவிடாது, மக்களுடைய சந்தோஷமும் பெருகிவிடாது என்று அதில் எழுதுகிறார். தேர்தலும் அதன் ஊழலும், அநீதியும், பணத்தின் கொடுங்கோன்மையும், நிர்வாகத்தின் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும். பழைய ஆட்சியே தேவலை என்று ஜனங்கள் ஏங்கவும் கூடும். அடிமைப்பட்டுக் கிடந்த அவமானம் நீங்கும், லாபம் அவ்வளவுதான் என்கிறார். அப்புறம் எதை நம்புவது? சின்ன வயதிலிருந்தே நன்னடத்தையும் தெய்வபயமும் அன்பும் வளர்க்கிற கல்வியை எல்லோருக்கும் கொடுப்பதைத்தான் என்று முடிக்கிறார்.

சுதந்திரம் கேட்டுச் சிறைக்குப் போனவர், சிறைக்குள் உட்கார்ந்து, சுதந்திரம் மட்டும் போதாது என்று கவலைப்படுகிறார். உலகம் கன்சர்வேட்டிவ் என்று அழைக்கிற மரபுவாத அரசியலின் நடுவில் இருப்பது இதே கவலைதான். மனிதனை அவன் விருப்பப்படி வாழ விட வேண்டும். ஆனால் அவன் நல்லவனாகவும் வாழ வேண்டும். விட்டுவிட்டால் கெட்டுப்போகிறான், பிடித்து நிறுத்தினால் சுதந்திரம் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே அரசு எங்கே நிற்பது?

இந்த வாதம் பெரும்பாலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் நடந்ததாகத்தான் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அதன் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றைப் வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காட்டு மாவட்ட எல்லைக்குள்ளேயே பார்க்கலாம். பார்த்தால், மேற்கில் யாரும் அழுத்திக் கேட்காத ஒரு கேள்வியையும் கேட்க வேண்டிவரும். முதலில் அங்கே என்ன சொன்னார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

மேயரும் போஸெலும்

1955இல் அமெரிக்க மரபுவாத எழுத்தாளர் வில்லியம் பக்லி நியூயார்க்கில் 'நேஷனல் ரிவ்யூ' பத்திரிகையைத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு தரப்பு அதில் எழுதியது. சந்தையும் தனிமனித உரிமையும்தான் உயிர் என்றது ஒன்று. மதமும் மரபும் முன்னோர் விட்டுப்போன ஒழுங்கும் இல்லாமல் சமூகம் நிற்காது என்றது மற்றொன்று. எழுத்தாளர் ரஸ்ஸல் கர்க் இந்த இரண்டாவது பக்கம். இருவருக்கும் கம்யூனிசம் பொது எதிரி. அதனால் சேர்ந்து இருந்தார்கள்.

அங்கே ஆசிரியர் குழுவில் இருந்த ஃபிராங்க் மேயர், இளமையில் கம்யூனிஸ்ட்டாக இருந்து வெளியே வந்தவர். 1962இல் அவர் ஒரு சமாதானம் சொன்னார். மனிதன் அடைய வேண்டியது ஒழுக்கம், அரசியல் காக்க வேண்டியது சுதந்திரம். இரண்டும் வேறு வேறு தளம். கட்டாயப்படுத்தி வந்த ஒழுக்கம் ஒழுக்கமே அல்ல. திருட வழியே இல்லாமல் கட்டிப்போட்டவனை யோக்கியன் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே அரசு காவலையும் நீதியையும் நாட்டுப் பாதுகாப்பையும் பார்த்துக்கொண்டால் போதும். மனிதனை நல்லவனாக்கும் வேலை குடும்பத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் உரியது.

அதே ஆண்டு, அதே பத்திரிகையில், பக்லியின் தங்கையை மணந்த பிரென்ட் போஸெல் மறுத்து எழுதினார். ஒழுக்கத்துக்குத் தடை கூடக்கூட அதன் மதிப்பும் கூடும் என்றால், மனிதனுக்குத் துணையாக இருக்கிற சட்டங்களை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டியதுதானே என்று கேட்டார். மனிதன் பலவீனமானவன். நல்ல வழியில் நடப்பதைச் சுலபமாக்குவது அரசின் கடமை. சுதந்திரம் ஒரு கருவி, அதுவே இலக்கு ஆகாது.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பே பொருளியலாளர் ஹயெக், தான் மரபுவாதி அல்ல என்று தனியாக ஒரு கட்டுரை எழுதி விலகிக்கொண்டார். மேயரின் சமாதானம் அறிவுலகத்தில் முழுதாக ஏற்கப்படவில்லை, அரசியலில் எடுபட்டது. 1981இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரீகன், மேயரைப் பெயர் சொல்லி மேடையில் பாராட்டினார். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து பொது எதிரி இல்லாமல் போனதும் முடிச்சு தளர்ந்தது. இன்று அமெரிக்க வலதுசாரிகளில் ஒரு பகுதியினர் போஸெலின் பக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். அரசு அதிகாரத்தைக் கையில் எடுத்து ஒழுக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இவர்களை விடப் பக்குவமாகப் பேசியிருக்கிறார். மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்கப் போகக் கூடாது, பெரும்பாலோர் விலகி நடக்கக் கூடிய, பிறரைப் பாதிக்கிற பெரிய தீமைகளை மட்டும் தடுத்தால் போதும் என்பது அவர் கருத்து.

ஆற்காட்டு ஏரிகளைப் பற்றி ஒரு பேச்சு

மரபுவாதத்தின் தந்தை என்று எல்லோரும் சொல்வது எட்மண்ட் பர்க்கை. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் அவர் எழுதியதுதான் அதன் மூலநூல் என்பார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1785 பிப்ரவரி 28இல், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையை நம் ஊரில் அதிகம் பேர் படிப்பதில்லை. படிக்க வேண்டிய உரை அது.

விஷயம் இதுதான். நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் ஏகப்பட்ட கடன் வாங்கியிருந்தார். அவற்றில் பல, வட்டிக்கு வட்டி போட்டு ஊதிய போலிக் கடன்கள் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. விசாரணை இல்லாமல், நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) வரி வருமானத்திலிருந்து அவற்றை அடைத்துவிடலாம் என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. அதாவது ஹைதர் அலி 1780இல் படையெடுத்துக் கொளுத்திவிட்டுப் போன நிலத்தில் மிஞ்சிய உழவர்களிடமிருந்து. அதை எதிர்த்துப் பேசும்போது பர்க் நம் ஏரிகளுக்கு வருகிறார். தன் கையில் இருந்த ஒரு வரைபடத்தில் மட்டும் 1,100க்கு மேல் ஏரிகளை எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். இவற்றை வெட்டியவர்கள்தான் நிஜமான அரசர்கள், தம் ஆயுளோடு முடிந்துவிடாமல் வரப்போகும் தலைமுறைகளையும் தம் பிள்ளைகளாக எண்ணி அவர்களுக்கு உயில் எழுதி வைத்தவர்கள் என்று புகழ்கிறார்.

சமூகம் என்பது இருப்பவர்களும் இறந்தவர்களும் இனிப் பிறப்பவர்களும் சேர்ந்த கூட்டு என்று 1790இல் பர்க் எழுதியதை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண்ணம் ஆற்காட்டு ஏரிக்கரையைப் பற்றிய பேச்சிலேயே முளைவிட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மகேந்திரவாடிக்குப் போனால் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டில் மகேந்திர தடாகம் என்ற பெயரைக் காணலாம். அங்கிருந்து காவேரிப்பாக்கம் தூரமில்லை. வாலாஜாவுக்குப் பக்கத்துப் பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீர் அந்தப் பெரிய ஏரியில் விழுகிறது. நல்ல மழை பெய்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும்போது சுற்றுவட்டார ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வருவார்கள்; இப்போது பைக்கில் வந்து செல்ஃபோனில் படம் எடுக்கிறார்கள்.

அரசர் வெட்டினார் என்பது பாதிக் கதை. ஆயிரம் வருஷம் அதைக் காப்பாற்றியது யார் என்பதில்தான் நம் கேள்விக்கான விஷயம் இருக்கிறது. கோடையில் வண்டல் எடுக்க வேண்டும், கரைக்கு மண் கட்ட வேண்டும், மதகைச் சரிபார்க்க வேண்டும், வரத்துக் கால்வாயில் முளைத்ததை வெட்ட வேண்டும். ஊரே இறங்கிச் செய்த இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். இன்னாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று நீர்க்கட்டி பிரித்து விடுவார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. தாலுகா ஆபீஸிலிருந்து யாரும் வந்து மிரட்ட வேண்டியதில்லை. மேயர் கனவு கண்ட ஏற்பாடு இதுதான் என்று சொல்லத் தோன்றும். அரசு விலகி நிற்கிறது, மக்கள் தாமாகக் கூடிப் பொறுப்பைச் சுமக்கிறார்கள்.

கம்பெனி அரசு 1858இல் இதைச் சட்டமாக்கியது. சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். வேலைக்கு வராதவரிடம் பணமாக வசூலிக்கலாம் என்றது அது. சட்டம் வந்தபின் குடிமராமத்து செழித்ததா என்றால், இல்லை. நில உரிமையும் வரியும் தண்ணீர் அதிகாரமும் ஏற்கெனவே அரசின் கைக்குப் போயிருந்தன. ஏரி சர்க்காருடையது ஆனபின் வண்டல் மட்டும் எதற்கு நம்முடையது என்று ஊர் நினைத்ததில் வியப்பில்லை. வழக்கமாக இருந்தது கட்டாயம் ஆனதும் அதன் உயிர் போயிற்று. இதில் மேயர் சொன்னது சரி.

ஆனால் அந்தப் பழைய குடிமராமத்தில் மண் சுமந்தது யார் என்று கேட்க வேண்டும். நிலம் யாருக்கு, உழைப்பு யாருக்கு என்பதை ஜாதி முன்பே தீர்மானித்திருந்தது. கரை உடைப்பெடுத்தால் முதலில் கூப்பிடுவது சேரியை. தண்ணீர் முதலில் பாய்வது சேரியின் நிலத்துக்கு அல்ல. பெரும்பாலும் சேரிக்கு நிலமே இல்லை. அரசு தலையிடவில்லை என்பதற்காக அங்கே கட்டாயம் இல்லை என்று ஆகிவிடாது. கோல் சர்க்கார் கையில் இல்லாமல் ஊர் கையில் இருந்தது. மேயரும் போஸெலும் விட்டுவிட்ட கேள்வி இதுதான். ஒழுக்கத்தைக் கற்றுத்தரும் என்று நாம் நம்புகிற ஊரும் உறவுமே ஒருவனை நெரித்தால், அவன் எங்கே போவான்?

மரபில் அரசு கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரே பாடம் என்று சிலர் 1806ஐக் காட்டுவார்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி, புது மாதிரித் தலைப்பாகை வை என்று படைத்தளபதி கிரடோக்கின் காலத்தில் சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கினார். உத்தரவு ரத்தானது, கிரடோக்கும் ஆளுநர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்நிய அரசு நம் அடையாளத்தில் கைவைத்த கதை அது. நம்மவரே நம்மவரைச் சீர்திருத்தும்போது எப்படி நடக்க வேண்டும் என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அதற்கு ராஜாஜியிடம்தான் திரும்ப வேண்டும்.

ஒரே மனிதரில் இரு தரப்பு

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார் (முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர்). அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வட ஆற்காட்டுக்கும் நீட்டினார். சித்தூரே 1911 வரை பெரும்பகுதி வட ஆற்காட்டோடு இருந்ததுதான். கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மரமேறிகளுக்குப் பிழைப்பு போயிற்று. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அது முதல் முயற்சி. குடிக்காதவனும் சேர்ந்து வரி கட்டித்தான் குடிக்கிறவனைத் திருத்த வேண்டும் என்று ஆயிற்று. போஸெல் பேச்சில் சொன்னதை, அவருக்கு 25 ஆண்டு முன்பே ராஜாஜி அரசாணையாகப் போட்டுவிட்டார்.

இதே மனிதர் 1952இல் முதலமைச்சராகத் திரும்பி வந்ததும் செய்த முதல் பெரிய காரியம், அந்த ஜூனில் உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கியது. பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். வியாபாரியையும் உழவனையும் நம்பி விட்டார். அரிசி சந்தைக்கு வந்தது. 1959இல் மினு மசானி, என்.ஜி. ரங்கா, கே.எம். முன்ஷியோடு சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கும் அரசின் அனுமதியும் உரிமமும் வாங்க வேண்டிய ஆட்சியைக் குறிக்கும் பெர்மிட்-லைசென்ஸ் ராஜ் என்ற சொல்லை நாட்டுக்குத் தந்தவர் அவர். மனிதனுக்கு எது நல்லது என்று டெல்லியில் இருக்கிற அதிகாரிக்குத் தெரியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது.

அந்தக் கட்சி எழுதி வைத்த 21 கொள்கைகளில் கடைசி, அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மனதுக்குப் பட்டபடி பேசலாம் என்பது. வேறு கட்சி எதுவும் அப்படி எழுதியதாக எனக்குத் தெரிந்து இல்லை. ராஜாஜிக்கு மதுவிலக்கு உயிர்க்கொள்கை. எல்லோரும் அதை ஏற்க வேண்டும் என்று அவர் கட்சியைக் கட்டவில்லை. சந்தையில் சுதந்திரத்தையும், மனிதனிடம் தர்ம சிந்தனையையும் அவர் ஒன்றாகவே கேட்டார். தர்மம் உள்ளிருந்து கட்டுப்படுத்தினால் சர்க்கார் வெளியிலிருந்து கட்டுப்படுத்த வேண்டியிராது என்பது அவர் கணக்கு. பணக்காரர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாவாக நடக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தையும் அந்தக் கட்சி ஏற்றது. மேயரின் சமாதானத்தை விட இது செறிவானது என்பது என் எண்ணம். மேயர் ஒழுக்கத்தைத் தனி அறையில் விட்டுவிட்டுச் சந்தையை வேறு அறையில் வைத்தார். ராஜாஜி சந்தைக்குள்ளேயே ஒழுக்கத்தை எதிர்பார்த்தார்.

அவர் எங்கே சறுக்கினார் என்பதும் தெளிவாகத் தெரிகிறது. 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்பது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதிகப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும், கைத்தொழிலுக்கு மரியாதை வரும் என்பது அவர் சொன்ன காரணம். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. நல்ல தச்சனின் மகன் தச்சனாவது அழகான விஷயம், அவனே விரும்பினால். தோல் பதனிடுகிறவரின் மகனை, மலம் அள்ளுகிறவரின் மகளை, அரசாணை போட்டு மத்தியானம் அதே தொழிலுக்கு அனுப்புவது வேறு. ஊரின் வழக்கத்தோடு அரசின் கையும் சேர்ந்துகொண்டால் பிள்ளைக்குத் தப்பிக்க இடமே இல்லை. பர்மிட் ராஜ்யத்தைப் பற்றி அவ்வளவு கூர்மையாகக் கேட்டவர் இதைக் கேட்கத் தவறினார்.

கோயில் நுழைவில் அவர் எடுத்த வழியையும் பார்க்க வேண்டும். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்ததும், திறந்துவிட்டவர்கள் மேல் வழக்கு வராமல் காக்க அவர் சட்டம் கொண்டுவந்தார். திற என்று அந்தச் சட்டம் கட்டளையிடவில்லை. திறப்பவருக்குக் கவசம் கொடுத்தது. மரபுவாதி ஒருவர் சீர்திருத்தம் செய்ய இதைவிட நாசூக்கான வழி கிடைக்காது. ஆனாலும் 1947இல் ஓமந்தூரார் ஆட்சியில் நுழைவது உரிமை என்று சட்டம் வந்த பிறகுதான் மாகாணம் முழுக்கக் கதவு திறந்தது. மற்றவர் மனம் கனியும்வரை ஒருவர் வாசலில் நிற்க வேண்டும் என்றால், அந்த நாசூக்கு யாருடைய செலவில் என்று கேட்காமல் இருக்க முடியாது.

1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, 92 வயது ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரசே விலகு என்று பன்னிரண்டு வருஷமாக எழுதிவந்தவர், இந்த ஒன்றில் விலகாதே என்று அரசின் வாசலுக்குப் போனார். இதை முரண்பாடு என்று எழுதித் தள்ளிவிடுவது சுலபம். குடிகாரன் பெண்டாட்டிக்குச் சந்தைச் சுதந்திரம் என்ன கொடுத்தது என்று யோசித்தால் அவர் ஏன் போனார் என்பது புரியும். அரிசி வியாபாரத்தை அவர் திறந்துவிட்டார். சாராய வியாபாரத்தை மூடச் சொன்னார். அடிமைப்படுத்துகிற சரக்கை மற்ற சரக்குகளோடு சேர்த்து எண்ண அவர் தயாராக இல்லை.

வள்ளுவர் எங்கே நிறுத்தினார்

குறளில் கள்ளுண்ணாமை ஓர் அதிகாரம். பொருட்பாலில் இருந்தாலும் அரசனைப் பார்த்து, கடையை மூடு என்று அதில் ஒரு குறளும் சொல்லவில்லை. 'ஈன்றாள் முகத்தேயும் இன்னாதால் என்மற்றுச் சான்றோர் முகத்துக் களி' என்கிறார். பெற்றவளுக்கே பார்க்கப் பிடிக்காத முகம், பெரியோர் முன்னால் எப்படி இருக்கும்? அடுத்த குறளில் நாணம் என்னும் நல்லாள் முதுகு காட்டிப் போய்விடுவாள் என்கிறார். தடுக்கிற சக்தியாக அவர் நம்பியது வெட்கத்தை. தாயும் சான்றோரும் பார்க்கிற இடத்தில் ஒருவன் வாழ்கிறான் என்பதை வைத்துத்தான் அந்த அதிகாரமே நிற்கிறது.

அந்த இடம் இன்று இருக்கிறதா? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலையில் ஏழு மணிக்கு நின்று பார்க்கலாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனி பஸ்களில் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு மெஷினில் ஷூவின் மேல்தோல் தைக்கிறவர்கள். ஊர்ப் பண்ணையாரை எதிர்பார்க்காத சம்பளம் அது. அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். அவர்களுடைய பாட்டிமார் குடிமராமத்தில் மண் சுமந்தவர்களாக இருக்கலாம். தங்களுக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் தைரியம் சிலருக்கு அந்தச் சம்பளத்திலிருந்து வந்தது. ஊர் நெரித்தால் எங்கே போவது என்ற கேள்விக்கு, நம் பக்கத்தில் கிடைத்த முதல் நிஜமான பதில் கம்பெனி வேலைதான். சந்தையைப் பண்பாட்டின் எதிரியாக மட்டும் பார்க்கிற மரபுவாதிகள் இந்தப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சிறிது நேரம் நிற்க வேண்டும்.

அதே தோல் தொழில் பாலாற்றை என்ன செய்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது, கிணறுகள் உவர்ந்தன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தீர்ப்பால்தான். தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். வரும் தலைமுறைக்கு உயில் எழுதி வைத்த அரசர்கள் என்று பர்க் புகழ்ந்தாரே, அந்த உயிலை அழித்தது சந்தைச் சுதந்திரம். பர்க்கை மேற்கோள் காட்டுகிற கட்சிகள் பெரும்பாலும் தொழிலதிபர் பக்கம் நிற்பது எனக்குப் புரியாத விஷயம். ஏரியையும் ஆற்றையும் காக்காத மரபுவாதம் எதைக் காக்கிறது?

ஆக, ஒரே தொழில் ஒரு பெண்ணுக்கு ஊரிலிருந்து விடுதலை கொடுத்தது, அவள் ஊரின் கிணற்றையும் கெடுத்தது. இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ளாத எந்தக் கொள்கையும் வட ஆற்காட்டுக்கு ஆகாது.

சுடுகாட்டுக்கு வழி

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்ததைத் தமிழ்நாடே வீடியோவில் பார்த்தது. இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாடையோடு கயிற்றில் கட்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். நேர்வழி ஆதிக்க ஜாதியினரின் நிலத்தின் ஊடே போகிறது. அதில் போக விடவில்லை. பாலத்தின் மேலே சிலர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள், கீழே மணலில் நிற்பவர்கள் கையை நீட்டி வாங்குகிறார்கள். மாலையும் பூவுமாக உடல் ஆடிக்கொண்டே இறங்குகிறது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாவட்ட நிர்வாகம் அவர்களுக்கென்று தனியாக அரை ஏக்கர் ஒதுக்கியது. அப்படித் தனி இடம் கொடுத்தால் அரசே பிரிவினையை வளர்ப்பதாகாதா என்று நீதிமன்றம் கேட்டது.

அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும், ஊரும் மரபும் பார்த்துக்கொள்ளும் என்று பேசுகிற எவரும் அந்தப் பாலத்தின் மேல் நின்று பேச வேண்டும். அங்கே அரசு ஒதுங்கித்தான் இருந்தது. தனிமனித சுதந்திரம் என்று நாம் சொல்வது சர்க்காரிடமிருந்து மட்டும் கேட்கிற சுதந்திரம் அல்ல. அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் அது கிடைக்க வேண்டும். அதற்குச் சர்க்கார்தான் காவல் நிற்க வேண்டும். இதைச் சொல்வதால் நான் மரபுக்கு எதிரி இல்லை. வண்டல் எடுக்கக் கூடுகிற ஊர் எனக்கு வேண்டும். கோடி போகிற ஏரியைப் பார்த்துக் கும்பிடுகிற மனசு வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வருகிறவன் தானாக வந்திருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் அவனுக்கு வழி இருக்க வேண்டும். ராஜாஜி நாட்குறிப்பில் கேட்ட நன்னடத்தை அப்படிப்பட்ட இடத்தில்தான் வளரும்.

மதுக்கடை விஷயத்துக்கு வந்தால், 1983இல் அரசு தொடங்கிய டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். மேயர் இதை ஏற்கமாட்டார், அரசு வியாபாரம் செய்வது தவறு என்பார். போஸெலும் ஏற்கமாட்டார், அரசே சோதனையைக் கடை வைத்து விற்கிறதே என்பார். முழு மதுவிலக்கு போட்டால் ஜவ்வாது மலையிலும் பேரணாம்பட்டுக் காட்டிலும் கள்ளச்சாராய ஊறல் பெருகும் என்பது அனுபவம். ஆந்திர எல்லை வேறு கூப்பிடு தூரத்தில். எனக்குச் சரியென்று படுவது நடுவழி ஒன்று. ஓர் ஊரில் கடை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஊர்க் கிராம சபை, பெண்கள் உட்பட எல்லோரும் கை தூக்கி, தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தட்டும். தாயும் சான்றோரும் பார்க்கிற இடம் என்று வள்ளுவர் நினைத்ததற்கு இன்று மிக நெருக்கமானது அதுதான். அதே கிராம சபைக்கு, யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், யார் பிணம் எந்த வழியில் போகலாம் என்பதில் துளி அதிகாரமும் கூடாது. அது முழுக்க முழுக்கச் சட்டத்தின் பொறுப்பு, தாசில்தாரும் போலீசும் வந்து நிற்க வேண்டிய இடம். இன்றைக்குப் பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. கடை எங்கே என்பதைச் சென்னையில் தீர்மானிக்கிறார்கள். பிணம் போகிற பாதையை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.